பழைய கருவிகளைப் புதுப்பித்தல்: போக இடைக்காலத்திற்கு ஏற்ற பயனுள்ள பொழுதுபோக்கு

அறுவடை முடிந்து, சூடடித்து, நெல் மூடைகள் வீடு சேர்ந்தபின்னர்க் கமக்காரருக்குச் சில கிழமைகள் ஓய்வு கிடைக்கின்றது. பழைய இரும்பு வாங்குவோர் ஊருக்குள் வருவதும் பெரும்பாலும் அக்காலத்திலேயே ஆகும். கொட்டிலின் மூலையிற் கிடந்த பிடியற்ற மண்வெட்டி, துருவேறிய பிக்கான், மழுங்கிய காட்டுக்கத்தி, சில்லுக் கழன்ற துவிச்சக்கரவண்டி ஆகியன நிறுத்து விற்கப்படுகின்றன. அடுத்த போகத்தில் அதே கமக்காரர் கடைக்குச் சென்று, தாம் பெற்றதிலும் பல மடங்கு பணங் கொடுத்துப் புதிய மண்வெட்டியொன்றை வாங்குகின்றார். அவர் விற்றதில் இருந்த உருக்கு, வாங்கியதில் இருக்கும் உருக்கிலும் நல்லதாய் இருந்திருத்தல் கூடும்.

இவ்விழப்பைத் தவிர்ப்பதற்குப் பெரிய தொழிற்சாலையோ, விலை உயர்ந்த இயந்திரமோ வேண்டுவதில்லை. ஓர் அரம், ஒரு தீட்டுக்கல், சிறிது வினாகிரி, சிறிது எண்ணெய், மாலைப் பொழுதில் ஒரு மணி நேரம் ஆகியவை போதும். பழைய கருவிகளைத் திருத்துவதைப் பலர் பொழுதுபோக்காகவே கொண்டுள்ளனர். கமக்காரர் இதனைச் செய்யும்போது பொழுதும் போகும். அடுத்த போகத்திற்கு வேண்டிய கருவியும் ஆயத்தமாகும்.

ஆயினும், ஒன்றைத் தொடக்கத்திலேயே கூறுதல் வேண்டும். நாம் கருவியைப் புதுப்பிப்பது சுவரில் மாட்டி வைப்பதற்காக அன்று. மீண்டும் மண்ணில் இறக்குவதற்காகவே. ஆகையால், துருவை எடுத்தல் வேண்டும்; உருக்கை எடுத்தல் ஆகாது. இவ்வொரு விதியை மறப்பதனாலேயே பல நல்ல கருவிகள் திருத்தப்படும்போது கெட்டுப்போகின்றன.

எதனைத் திருத்தலாம், எதனைத் தள்ள வேண்டும்

முதலிற் கருவியின் உலோகப் பகுதியைக் கழுவி, மண்ணையும் தளர்ந்த துருவையும் கம்பித் தூரிகையால் அகற்றுக. பின்னர் மூன்று சோதனைகளைச் செய்க.

முதலாவது, ஒலிச் சோதனை. உலோகப் பகுதியை ஒரு கயிற்றிற் கட்டித் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுக. மணிபோல நீண்டு ஒலித்தால் நன்று. உடைந்த சட்டிபோல மந்தமாக ஒலித்தால் வெடிப்பு இருக்கலாம்.

இரண்டாவது, மண்ணெண்ணெய்ச் சோதனை. ஐயத்திற்குரிய இடத்தில் மண்ணெண்ணெயைத் தடவிச் சிறிது நேரம் ஊறவிடுக. பின்னர் நன்றாகத் துடைத்து, அவ்விடத்தில் வெண்கட்டித் தூளைப் பூசுக. வெடிப்பு இருப்பின் அதனுட் புகுந்த எண்ணெய் மெல்ல வெளிவந்து, வெள்ளைப் பூச்சில் ஒரு கருங்கோடாகத் தோன்றும். பிடி நுழையும் துளையைச் சுற்றி இவ்வாறு கோடு தோன்றின் அக்கருவியைத் திருத்த முயலற்க. வேலை செய்யும்போது அது பிளந்து, வெட்டுபவரையோ அருகில் நிற்பவரையோ தாக்கலாம்.

மூன்றாவது, அரச் சோதனை. வெட்டும் விளிம்பில் அரத்தை மெதுவாகத் தள்ளிப் பார்க்க. அரம் சிறிது எதிர்ப்புடன் பிடித்தால் உருக்கு நல்ல நிலையில் உள்ளது. வெண்ணெயில் ஓடுவதுபோல ஓடினால் உறுதி போய்விட்டது; அதனைக் கொல்லரிடம் கொண்டுசெல்லுதல் வேண்டும். வழுக்கிச் சென்றால் உருக்கு மிக வன்மையானது. அதனைத் தீட்டுக்கல்லாலேயே கூராக்க வேண்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் அவசியமானவை. போர் நடந்த வடக்கு, கிழக்குப் பகுதிகளில், 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்த பின்னரும் நிலத்தில் வெடிபொருள்கள் கண்டெடுக்கப்பட்டு வந்துள்ளன. காணியை உழும்போதோ பற்றையை வெட்டும்போதோ இன்னதென்று அறியாத இரும்புப் பொருள் காணப்பட்டால் அதனைத் தொடவும் வேண்டாம், தட்டவும் வேண்டாம், வீட்டுக்கு எடுத்துவரவும் வேண்டாம். இடத்தை அடையாளமிட்டு, அப்பால் விலகிப் பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். திருத்துவதற்கு உரியவை உங்கள் கொட்டிலில் உள்ள, நீங்கள் அறிந்த கருவிகள் மாத்திரமே.

மற்றையது தெளிகருவி. பூச்சிநாசினியோ களைநாசினியோ நிரப்பிய தெளிகருவியைப் பொழுதுபோக்குக்காகப் பிரித்து வேறு தேவைகளுக்குப் பயன்படுத்துதல் ஆகாது. எத்தனை முறை கழுவினும் அதன் குழாய்களிலும் இறப்பர்ப் பகுதிகளிலும் நஞ்சு தங்கியிருக்கலாம்.

துரு உண்டாகும் காரணம்

இரும்பு, காற்றிலுள்ள ஒட்சிசனுடனும் நீருடனும் சேரும்போது துரு உண்டாகின்றது. இவ்விரண்டில் ஒன்றைத் தடுத்தால் துருவையும் தடுக்கலாம். எண்ணெய் பூசுவதன் பயன் இதுவேயாகும்; அது நீரையும் காற்றையும் உலோகத்தினின்று விலக்கி நிற்கின்றது.

துரு, அதனை உண்டாக்கிய இரும்பிலும் அதிக இடத்தைக் கொள்வது. அது தளர்ந்து உரிந்து விழுவதனால் உள்ளிருக்கும் புதிய இரும்பு மீண்டும் ஈரத்திற்கு வெளிப்படுகின்றது. எனவேதான் கவனியாது விட்ட கருவியை இத்துரு ஓயாது தின்கின்றது. உப்பு இதனை மேலும் விரைவாக்கும். கடற்காற்று வீசும் ஊர்களிற் கருவிகள் விரைவில் துருப்பிடிப்பது இதனாலேயே. பொற்றாசு உரத்திற் குளோரைட்டு உப்பு உண்டு. யூரியா முதலிய உரங்களும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வன. ஆகவே, உரப்பையின்மீது மண்வெட்டியைச் சாய்த்து வைப்பது அதனை உப்புநீரில் வைப்பதற்கு ஒப்பாகும்.

துரு நீக்கும் முறை

மேலாகப் படிந்த துருவைக் கம்பித் தூரிகையாலும் மண்ணெண்ணெயாலும் நீக்கலாம். ஆழப் படிந்த துருவுக்கு வினாகிரி சிறந்தது. வினாகிரியிலுள்ள அசற்றிக்கமிலம் துருவைக் கரைக்கின்றது. தென்னை வினாகிரியும் பயன்படும். புளிக்கரைசலும் தேசிக்காய்ச் சாறும் இதே வகையில் வேலை செய்வன. 

1. மரப்பிடியைக் கழற்றிவிட்டு, உலோகப் பகுதியை ஒரு பிளாத்திக்குப் பாத்திரத்தில் இட்டு, மூடும்வரை வினாகிரியை ஊற்றுக.

2. 12 மணி நேரத்தின் பின் எடுத்துத் தூரிகையால் தேய்த்துப் பார்க்க. துரு எஞ்சியிருப்பின் மீண்டும் இடுக. 24 மணி நேரத்திற்கு மேல் கவனியாது விடற்க. அமிலம் துருவைத் தின்று முடித்தபின் இரும்பையுந் தின்னத் தொடங்கும்.

3. வெளியே எடுத்தவுடன் நீரிற் கழுவி, ஒரு லீற்றர் நீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடாக் கரைத்த கரைசலிற் சிறிது நேரம் இடுக. இஃது எஞ்சிய அமிலத்தைச் செயலிழக்கச் செய்யும்.

4. மீண்டும் கழுவித் துடைத்து, வெயிலில் நன்கு உலர்த்தி, உடனே எண்ணெய் பூசுக. இதில் அரை நாள் தாமதித்தாலும் புதிய செந்துரு மேலே படியும்.

நாகம் பூசிய வாளி, கம்பி முதலியவற்றையும், பித்தளை, அலுமினியம் ஆகியவற்றையும் வினாகிரியில் இடற்க. கழிவறை கழுவும் அமிலத்தை எக்காரணங் கொண்டும் பயன்படுத்தற்க. அதன் புகை கண்ணையும் மார்பையும் தாக்குவதுடன், அருகிலுள்ள ஏனைய கருவிகளையும் துருப்பிடிக்கச் செய்யும்.

பழைய வர்ணம் பூசிய பொருள்களை உலர்ந்த நிலையில் உரஞ்சற்க. முற்காலத்து வர்ணங்கள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. அத்தூள் சிறுவர்களின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நீர் தெளித்து ஈரமாக உரஞ்சி, கழிவைக் காகிதத்திற் சேர்த்து அகற்றுக. சிறுவரை அவ்விடத்தில் இருக்கவிடல் ஆகாது.

கூராக்கும் முறை

இப்பகுதியிலேதான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. வெட்டும் கருவியின் உருக்கைக் கொல்லர் செந்நிறமாகக் காய்ச்சி, நீரிலோ எண்ணெயிலோ தோய்த்து வன்மையாக்குகின்றார். பின்னர் இளஞ்சூடேற்றி, அதன் நொறுங்குந் தன்மையைக் குறைக்கின்றார். இவ்வாறு பெறும் உறுதியையே தோய்ச்சல் என்கிறோம். மினுக்கிய உருக்கைச் சூடேற்றினால் ஏறக்குறைய 230 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைக்கோல் மஞ்சள் நிறமும், ஏறக்குறைய 300 பாகையில் நீல நிறமும் தோன்றும். விளிம்பில் நீலம் தோன்றினால் அவ்விடத்தில் உறுதி பெரிதுங் குறைந்துவிட்டது என்பதே பொருள்.

இதனை நான் நூலில் மாத்திரம் கற்கவில்லை. விவசாயப் பாடசாலையிற் பயின்ற காலத்தில், என் பாட்டனாரின் காட்டுக்கத்தியை விடுமுறையில் எடுத்துச் சென்று, அதனைப் புதிதுபோலாக்கித் தருவேன் என்று கூறினேன். மின்சாணையில் வைத்துத் தீப்பொறி பறக்கத் தீட்டினேன். கத்தி கண்ணாடிபோல மின்னியது. விளிம்பில் மயிற்கழுத்து நீலமும் தோன்றியது. அதனை அழகென்றே எண்ணினேன். வீட்டில் முதல் விறகை வெட்டியபோது விளிம்பு தகரம்போல மடிந்தது. பாட்டனார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கத்தியைத் துணியிற் சுற்றிக் கொல்லரிடம் கொண்டுசென்றார். மடிந்த பகுதியை அகற்றி, மீண்டும் உலையிலிட்டுத் தோய்ச்சல் ஏற்றியபின்னர் அது அரை விரல் அகலங் குறைந்தே திரும்பியது. நாற்பது ஆண்டு உழைப்பிற் தேயாத அளவு, என் ஒரு பிற்பகலில் தேய்ந்துபோயிற்று.

ஆகவே, மின்சாணையைத் தவிர்த்து, அரத்தையும் தீட்டுக்கல்லையும் பயன்படுத்துங்கள். சாணையைப் பயன்படுத்தியே ஆகவேண்டுமாயின், சில வினாடிகளுக்கு ஒரு முறை உலோகத்தை நீரில் தோய்த்துக் குளிரச் செய்க. வெறுங்கையாற் பிடிக்கமுடியாத சூட்டை அது அடையவே விடற்க. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிதல் கட்டாயமாகும்.

மண்வெட்டி: பலகையில் அசையாது இறுக்கி வைத்து, தட்டரத்தால் ஒரு பக்கத்தில் மாத்திரம் அராவுக. அரத்தைத் தள்ளும்போது அழுத்துக. திரும்ப இழுக்கும்போது தூக்கிவிடுக. இழுக்கும்போதும் அழுத்தினால் அரத்தின் பற்கள் மழுங்கும். கருவியிற் பழைய சாய்வு எதுவோ அதனையே பின்பற்றுக. சாய்ந்த முகத்திற் கரியையோ மையையோ பூசிவிட்டு அராவினால், அரம் எவ்விடத்தைத் தொடுகின்றது என்பது தெளிவாகத் தெரியும். கல்லுள்ள நிலத்தில் வேலை செய்யும் மண்வெட்டிக்கு மிகக் கூரான விளிம்பு வேண்டாம். அது விரைவில் மடியும்.

கத்தியும் கோடரியும்: அரத்தால் உருவத்தைச் சரிசெய்தபின் தீட்டுக்கல்லில் நீரிட்டுத் தீட்டுக. மறுபக்கத்தில் எழும் மெல்லிய பிசிரை, கல்லில் இலேசாகத் தேய்த்து நீக்குக.

பல்லுள்ள நெல்லறுக்கும் அரிவாள்: பற்கள் வெட்டப்பட்ட பக்கத்தில் அரத்தைத் தொடவிடற்க. மட்டமான பக்கத்தைத் தீட்டுக்கல்லில் இலேசாகத் தேய்த்தாற் போதும். பற்கள் தாமே கூர்பெறும். பற்பக்கத்தை அராவிய அரிவாள் நெற்றாளைப் பற்றாது வழுக்கும்.

பிடி இடுதல்

கழன்ற மண்வெட்டி, மழுங்கிய மண்வெட்டியிலும் ஆபத்தானது. வரம்பு கட்டும்போது பலர் அருகருகே நிற்பர். ஓங்கிய கையினின்று உலோகம் கழன்று பறந்தால், அது தலையிற் படுமா, மண்ணில் விழுமா என்பது நம் கையில் இல்லை. ஆகையாற் பிடியே இவ்வேலையின் உயிர்நிலை எனலாம்.

முறிந்த பிடியின் துண்டு துளையினுள் இறுகியிருந்தால், உலோகத்தை நெருப்பிலிட்டு அதனை எரித்து நீக்கும் வழக்கம் உண்டு. இஃது அறவே ஆகாது. நெருப்பு மரத்தை எரிப்பதோடு தோய்ச்சலையும் போக்கிவிடும். வெளியே நீண்டுள்ள மரத்தை வாளால் அறுத்துவிட்டு, உள்ளிருப்பதைத் துறப்பணத்தாற் துளைத்துத் தளர்த்தி, ஓர் இரும்புக் கோலால் தட்டி வெளியேற்றுக.

புதிய பிடிக்கு முற்றி உலர்ந்த வன்மரத்தைத் தெரிவு செய்க. நார் ஓர் அந்தத்திலிருந்து மறு அந்தம்வரை நேராக ஓடுதல் வேண்டும். முடிச்சு இருத்தல் ஆகாது. பச்சை மரத்தில் இட்ட பிடி, உலரும்போது சுருங்கிக் கழலும். பிக்கான் முதலியவற்றில், உலோகம் சேரும் அந்தம் பருத்திருக்கும். மெல்லிய அந்தத்தின் வழியாக உலோகத்தைச் செலுத்தினால் ஒவ்வொரு வீச்சிலும் அது மேன்மேலும் இறுகும். கோடரி, சுத்தியல் ஆகியவற்றிற்குப் பிடியின் முனையைப் பிளந்து வன்மர ஆப்பு இறுக்குதல் வேண்டும். மண்வெட்டியில் எவ்வகைத் துளை உள்ளது என்பதைப் பார்த்து அதற்கேற்பச் செய்க.

கழன்ற மண்வெட்டியை இரவில் நீரில் ஊறவைத்து இறுக்குவது நம்மிடையே பரவிய வழக்கம். ஊறிய மரம் விரிந்து, துளையின் விளிம்பில் நசுங்குகின்றது. உலர்ந்தபின் முன்னிலும் அதிகமாகச் சுருங்குகின்றது. காலையில் இறுகியிருந்தது நண்பகல் வெயிலிற் கழல்வதன் காரணம் இதுவே. அவசரத்திற்கும் இம்முறையை நாடற்க, ஆப்பை மாற்றுக.

பிடிக்குக் காய்ச்சிய ஆளிவிதையெண்ணெயை மெல்லிதாகப் பூசலாம். ஆனால், அவ்வெண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறியற்க. அது தானாகவே சூடேறித் தீப்பற்றக் கூடியது. விரித்து வெளியில் உலர்த்தியபின்னரே அகற்றுக.

துவிச்சக்கரவண்டி

மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் கமக்காரருக்குத் துவிச்சக்கரவண்டியும் ஒரு கருவியே. 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எரிபொருள் அரிதாயிருந்தபோதும், 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் எரிபொருட் தட்டுப்பாடு நேர்ந்தபோதும் கொட்டிலிற் கிடந்த பழைய வண்டிகளே பலருக்குக் கைகொடுத்தன. அவற்றைத் தேவை வருமுன்னர்த் திருத்தி வைத்தல் அறிவுடைமையாகும்.

முதலிற் சட்டத்தையும் முன்கவரையும் நோக்குக. குழாய்கள் பொருந்தும் இடங்களில் வெடிப்போ, உட்புறம் தின்ற துருவோ இருப்பின் அவ்வண்டியைப் பாரமேற்றப் பயன்படுத்தற்க. பின்னர் ஒவ்வொரு பகுதியாகக் கழற்றி, கழற்றிய ஒழுங்கிலேயே தனித்தனிப் பேணி மூடிகளில் இடுக. இடது மிதியின் புரி மறுபுரி என்பதை மறவாதீர். அதனைக் கழற்றுவதற்கு மணிக்கூட்டு முள் சுற்றும் திசையிலே திருப்புதல் வேண்டும். இதனை அறியாது வலிந்து திருப்பியதாற் கெட்ட மிதித்தண்டுகள் பல.

பழைய ஆங்கில வகை வண்டிகளிற் பெரும்பாலும் முன்சில்லின் குடத்தில் பக்கத்திற்கு 10 ஆக 3/16 அங்குலக் குண்டுகளும், பின்சில்லின் குடத்தில் பக்கத்திற்கு 9 ஆகக் கால் அங்குலக் குண்டுகளும், மிதியச்சிற் பக்கத்திற்கு 11 ஆகக் கால் அங்குலக் குண்டுகளும் இருக்கும். கழற்றும்போதே எண்ணிக் குறித்துக்கொள்க. குண்டுகள் மலிவானவை, ஒன்று தேய்ந்தாலும் முழுவதையும் மாற்றுக. புதியதையும் பழையதையும் கலந்தால், பெரிதாயுள்ள குண்டே முழுப் பாரத்தையும் தாங்கி விரைவிற் கெடும்.

சங்கிலியை அளவுகோலால் அளந்து பார்க்க. புதிய சங்கிலியில் 24 இணைப்புகள் சரியாக 12 அங்குல நீளமாகும். அது 12 1/16 அங்குலத்தை அடைந்தால் சங்கிலியை மாற்றுக. 12 1/8 அங்குலத்தையும் தாண்டினாற் பற்சில்லும் தேய்ந்திருக்கும். வர்ணம் பூசுவதை இறுதிக்கு விடுக. பிறேக்குக் கட்டைகளையே முதலில் மாற்றுக. 50 கிலோகிராம் மூடையுடன் சரிவில் இறங்கும்போது வண்டியை நிறுத்துவது வர்ணம் அன்று.

திருத்தியதைக் காத்தல்

வேலை முடிந்தவுடன் கருவியைக் கழுவித் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு முறை தடவி, நிலத்திற் படாது சுவரில் தொங்கவிடுக. இதற்கு ஐந்து நிமிடத்திற்கு மேல் வேண்டுவதில்லை. இயந்திரத்திலிருந்து வடித்த பழைய எண்ணெயைச் சிலர் பூசுகின்றனர். அது தோலுக்குத் தீங்கானது. மரக்கறிப் பாத்தியின் மண்ணையும் கெடுக்கும். தூய எண்ணெயிற் சில துளிகளே போதுமானவை.

வேலையிடையே கையிற் காயம் பட்டால் உடனே சவர்க்காரமிட்டுக் கழுவுக. ஏற்புவலியை உண்டாக்குவது துரு அன்று. மண்ணிலும் சாணத்திலும் வாழும் கிருமியே. ஆனால் கமத்திற் கிடந்த கருவியில் அம்மண் எப்பொழுதும் இருக்கும். ஆகவே ஆழமான காயமாயின், கருவி மினுக்கமாயிருந்தாலும் வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

வெடிப்புள்ள கருவியைத் தள்ளுக.
தோய்ச்சல் ஏறிய உருக்கை நெருப்பிலும் மின்சாணையிலும் காயவிடற்க.
அரிவாளின் பற்களைத் தொடற்க.
கழன்ற பிடிக்கு நீர் அன்று, ஆப்பே மருந்து.
வண்டிக்கு முதலில் பிறேக்கு, பின்னரே வர்ணம்.

ஒரு கிழமைக்கு ஒரு கருவி என்று வைத்துக்கொண்டாலும், மழை தொடங்குமுன் ஒரு குடும்பத்தின் கருவிகள் யாவும் ஆயத்தமாகிவிடும். பிள்ளைகளையும் அருகிலிருத்தி அரத்தைப் பிடிக்கப் பழக்குங்கள். உறுதி போன கருவியை விற்பதன்முன் ஊர்க் கொல்லரிடம் ஒரு முறை காட்டுங்கள். அவருடைய உலை அணைந்துபோகாதிருப்பதும் நம் கமத்தொழிலுக்கு நன்மையே.

என் பாட்டனாரின் கத்தி இன்றும் எங்கள் வீட்டிற் பயன்பட்டு வருகின்றது. முன்னையிலும் அரை விரல் ஒடுங்கியது, மின்னுவதுமில்லை. ஆயினும் முதல் வெட்டிலேயே விறகு பிளக்கின்றது. உங்கள் கொட்டிலின் மூலையிலும் அத்தகைய கத்தியொன்று இருக்கலாம். பழைய இரும்பு வாங்குவோர் வருமுன் அதனை எடுத்துப் பாருங்கள். மேலும் விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகலாம்.